தடுப்பூசி நாளில் தாய்க்கும் பத்து வினாக்கள்

மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு பெரும்பாலும் முதல் மூன்று திங்களுக்குள் தலைகாட்டுகிறது. அதே காலத்தில், குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில், தாய் தடுப்பூசிக்காக நலவாழ்வு நிலையத்தின் படியேறுகிறாள். நோய் வரும் காலமும் அவள் மருத்துவரிடம் வரும் காலமும் இவ்வாறு ஒன்றுபட்டிருந்தும், குழந்தையின் எடையைக் கேட்கும் அளவுக்கு அவள் மனநிலையைக் கேட்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. புதுச்சேரி போன்ற நகரில் இது எண்ணிப்பார்க்கத் தக்கது. இங்குப் பிள்ளைப்பேறு ஏறத்தாழ முழுவதும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கிறது. எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் என அரசு மருத்துவமனை உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உண்டு. குருசுக்குப்பத்தில் ஜிப்மரின் நகர நலவாழ்வு நிலையம் உண்டு. மருத்துவம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது. தாயை அதனிடம் கொண்டு சேர்க்கும் ஒரு வினாவே குறைகிறது.

தாய்மார் மனநலத் துறையின் முதல் பெருநூல் எழுந்தது பிரெஞ்சு மொழியில். கருவுற்ற மகளிர், புதிதாய் ஈன்ற மகளிர், பாலூட்டும் மகளிர் ஆகியோர்க்கு உண்டாகும் மனநோய்களைப் பற்றி லூயி விக்தோர் மார்சே என்னும் மருத்துவர் 1858இல் அதனை வெளியிட்டார். புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. 1823இல் பிரெஞ்சு அரசு இங்குத் தொடங்கிய மருத்துவப் பள்ளியையே ஜிப்மர் தன் வேராகக் குறிப்பிடுகிறது. 310 பெண்களின் நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த மார்சே, கருவுற்ற காலத்தையும் ஆய்வுக்குள் கொண்டுவந்தார். பேற்றுக்குப் பின் வெளிப்படும் சோர்வு பலருக்குக் கருவுற்ற காலத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பது இன்று ஏற்கப்பட்ட முடிவு. உடலுறுப்புகளின் மாற்றத்துக்கும் மனமாற்றத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். அத்தொடர்பை விளக்கும் கருவி அவரிடம் இல்லை. இயக்குநீர் அல்லது ஹார்மோன் என்னும் கருத்துக்கு அறிவியலில் பெயர் கிடைத்ததே 1905இல்தான்.

கருவுற்ற காலம் முழுவதும் நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இயக்குநீர்களைப் பேரளவில் சுரக்கிறது. நஞ்சுக்கொடி வெளியேறியதும் அவற்றின் அளவு சில நாட்களில் அடிமட்டத்துக்கு விழுகிறது. புரோஜெஸ்டிரோனிலிருந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருள், மூளையில் கிளர்ச்சியைத் தணிக்கும் காபா ஏற்பிகளுக்குத் துணை நிற்பது. அந்தத் துணை திடீரென விலகும்போது சில பெண்களின் மூளை அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் தடுமாறுகிறது என்பது இன்றைய விளக்கங்களுள் ஒன்று. இவ்வழியில் உருவான சுரனோலோன் என்னும் வாய்வழி மருந்துக்கு அமெரிக்கா 2023இல் ஒப்புதல் அளித்தது.

பேற்றையொட்டிய மனமாற்றங்களை மூவகையாகப் பிரித்தறிவது இன்றியமையாதது. முதல் வகை, மூன்றாம் நாள் ஐந்தாம் நாள் அளவில் வரும் கண்ணீரும் எரிச்சலும். பாதிக்கு மேற்பட்ட தாய்மார்க்கு இது வரும். இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அடங்காமல் நீண்டால் அது இரண்டாம் வகையான மனச்சோர்வு. உறங்க நேரம் கிடைத்தும் உறக்கம் வராமை, எதிலும் நாட்டமின்மை, குழந்தையிடம் ஒட்டாமை, 'நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்' என்ற ஓயாத குற்றவுணர்வு ஆகியவை அதன் குறிகள். மூன்றாவது மனப்பிறழ்வு. ஆயிரம் பேறுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு என்னும் அளவில் நேர்வது; பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே வெடித்துக் கிளம்புவது. இல்லாத குரல் கேட்கும்; குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றும்; பேச்சு நிலைகுலையும். நம் ஊர்ப் பெரியவர்கள் இதனைச் சன்னி கண்டதென்பார்கள். மந்திரிக்கவும் தாயத்துக் கட்டவும் அழைத்துச் செல்வார்கள். தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து உள்ள இந்நிலையில் ஒரு நாளும் தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இருமுனை மனநோய் முன்பே உடையவர்க்கு இதற்கான வாய்ப்பு மிகுதி.

இயக்குநீர் வீழ்ச்சி ஈன்றவர் அனைவர்க்கும் பொது. சோர்வு சிலரைத்தான் பற்றுகிறது. ஏன்? இதற்கு ஒரு தெளிவான விடை வேலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தது. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 359 பெண்களைக் கருவுற்ற கடைசி மூன்று திங்களிலும், பேற்றுக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் கண்டு பேசி, 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். நூற்றுக்குப் பதினொருவர்க்குப் புதிதாகச் சோர்வு வந்திருந்தது. அதனோடு சேர்ந்து வந்த காரணங்கள்: குறைந்த வருவாய், ஆண்குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்றபோது நேர்ந்த துயர நிகழ்ச்சிகள், வீட்டுவேலைக்குக் கைத்துணையின்மை. இவற்றுள் பெரும்பாலானவை அவளைச் சுற்றியுள்ளவர்கள் மனம் வைத்தால் மாறக்கூடியவை. இந்தியா முழுவதிலும் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த மதிப்பீடு, ஈன்ற தாய்மாரில் நூற்றுக்கு 22 பேர் என்கிறது.

இத்தனை பேரை இனங்காண்பது எப்படி? எடின்பரோ அளவுகோல் எனப்படும் வினாத்தாள் 1987இல் உருவானது. கடந்த ஏழு நாளைய மனநிலையைப் பற்றிப் பத்தே வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 30. சிரிக்க முடிகிறதா, காரணமின்றி அஞ்சுகிறாயா, உன்னையே குறை கூறிக்கொள்கிறாயா என்று அது கேட்கும். உடல் அயர்ச்சியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காது. பச்சிளங்குழந்தையை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கு அயர்ச்சி இல்லை? நோயற்றவரையும் நோயாளியாகக் காட்டிவிடக்கூடிய குறிகளை நீக்கிவிட்டதே இதன் நுட்பம். பத்தாவது வினா தற்கொலை எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாயினும், அவ்வினாவுக்கு 'இல்லை' என்பதன்றி வேறு விடை வந்தால் அன்றே ஆராய்தல் வேண்டும்.

தமிழ் வடிவத்தை வேலூரில் சோதித்து 2005இல் வெளியிட்டனர். ஆங்கில வடிவத்தில் 13 மதிப்பெண் எல்லையாகக் கொள்ளப்படுவதுண்டு; தமிழ்ப் பெண்களிடம் 9 என்பதே பொருத்தமான எல்லை எனத் தெரிந்தது. அவ்வெல்லையில் சோர்வுற்ற நூற்றுவருள் 94 பேரை அது இனங்கண்டது. சோர்வற்ற நூற்றுவருள் ஏறத்தாழப் பதின்மரைத் தவறாகச் சுட்டியது. எனவே இது சல்லடைதான். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணி.

இந்தச் சல்லடையைப் பயன்படுத்தத் தனி நாள் வேண்டியதில்லை. ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருந்து குழந்தையைக் கவனித்துச் செல்ல வேண்டும் என்பது விதி. பத்து வினாக்களுக்கு ஐந்து மணித்துளி போதும். எழுதப்படிக்க இயலாதவர்க்குச் செவிலியர் படித்துக் காட்டலாம். ஆனால், மாமியாரோ தாயோ கணவரோ பக்கத்தில் அமர்ந்திருக்கையில் கேட்டால் எல்லா வினாவுக்கும் 'ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்' என்பதே விடையாக வரும். குழந்தையைப் பாட்டியின் மடியில் கொடுத்துவிட்டுத் தாயைத் தனியே அழைத்துக் கேட்பது முறை.

புதுச்சேரிக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்கிறாள். மூன்றாம் அல்லது ஐந்தாம் திங்களில் கணவன் வீடு திரும்புகிறாள். புதுச்சேரி நிலப்பகுதியோ தமிழ்நாட்டு ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பது. முத்தியால்பேட்டையில் புகுந்த பெண்ணின் தாய்வீடு திண்டிவனமாகவோ கடலூராகவோ இருக்கலாம். சோர்வு மிகக்கூடிய அதே பருவத்தில் அவள் ஓர் அரசின் பதிவேட்டிலிருந்து நழுவி மற்றோர் அரசின் பதிவேட்டில் இன்னும் ஏறாமல் இருக்கிறாள். அவளோடு எங்கும் செல்வது தாய் சேய் நல அட்டை ஒன்றே. மனநல மதிப்பெண்ணையும் அதில் குறித்துவிட்டால், அடுத்த ஊரின் செவிலியர் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

சோர்வு உறுதியானால் அஞ்ச வேண்டியதில்லை. மிதமான நோய்க்குப் பேச்சுவழி மருத்துவமே பெரும்பாலும் போதும். மருந்து தேவைப்பட்டாலும் பாலை நிறுத்த வேண்டும் என்பதில்லை. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. முன்பே மனநோய்க்கு மருந்து உண்பவர் கருவுற்றதும் தாமாக நிறுத்துவது நோயை மீட்டு அழைப்பதாகும். வால்ப்ரோயேட் போன்றவை கருவுக்குத் தீங்கானவை ஆகையால், கருவுறத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜிப்மரின் மனநலப் புறநோயாளர் பிரிவை அணுகலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைத் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் விதிக்கிறது. குழந்தைக்குத் தீங்கு நேரும் எனக் கண்டால் மட்டும் சிறிதுகாலம் பிரிக்கலாம். தாயையும் சேயையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் பிரிவு பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தில் இயங்குகிறது.

வல்லுநர் எண்ணிக்கை போதாதே என்ற வினா எழும். பாகிஸ்தானின் இராவல்பிண்டி மாவட்டத்துச் சிற்றூர்களில் உயர்நிலைப்பள்ளி வரை படித்த நலவாழ்வுப் பணிப்பெண்களுக்குச் சில நாட்கள் பயிற்சி தந்து, சோர்வுற்ற கருவுற்ற பெண்களை வீடு தேடிச் சென்று பேசவைத்தார்கள். குழந்தைக்கு ஆறு திங்களானபோது, அப்பேச்சைப் பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரிடமே சோர்வு எஞ்சியிருந்தது. பயிற்சி பெறாதவர்கள் அதே எண்ணிக்கையில் சென்றுவந்த வீடுகளில் அது 53. இந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நம் துணைச்செவிலியர்க்கும் அங்கன்வாடிப் பணியாளர்க்கும் இல்லாத கல்வியோ திறமையோ அப்பெண்களிடம் இருந்ததில்லை. அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு: பயிற்சி, வேலைநேரத்துக்குள் அதற்கென ஒதுக்கிய பொழுது. புதுவை அரசு தரவேண்டியதும் அவ்விரண்டே.