தொடக்க வகுப்பறையில் ஆசிரியர் மையக் கற்பித்தலும் மாணவர் மையக் கற்றலும்: கடலூர், சிதம்பரம் பகுதிகளை முன்வைத்து ஓர் ஒப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

ஆசிரியர் மையக் கற்பித்தல், மாணவர் மையக் கற்றல் ஆகிய இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்னும் கருத்துப் பரவலாக உள்ளது. திண்ணைப் பள்ளி முதல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வரையிலான தமிழகத் தொடக்கக் கல்வி மரபின் பின்னணியில் இக்கருத்தை இக்கட்டுரை மறு ஆய்வு செய்கிறது. குழந்தையின் அடுத்த படிநிலையை யார், எதன் அடிப்படையில் முடிவு செய்கிறார் என்பதே முதன்மையான வினா என நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: தொடக்கக் கல்வி, செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும், பல்வகுப்புக் கற்பித்தல், திண்ணைப் பள்ளி.

முன்னுரை

ஆசிரியர் விளக்க, மாணவர் கேட்டு எழுதுவது ஆசிரியர் மைய முறை. மாணவர் தாமே செய்து பார்த்தும் குழுவில் உரையாடியும் கற்பது மாணவர் மைய முறை. முன்னது பழமை, பின்னது புதுமை எனப் பகுப்பது வழக்கம். தமிழகக் கல்வி வரலாறு இப்பகுப்பை முழுமையாக ஏற்கவில்லை.

மரபின் சான்றுகள்

திண்ணைப் பள்ளியில் இன்றுள்ளது போன்ற வகுப்புப் பிரிவினை இல்லை. மணலில் எழுதும் குழந்தையும் எண்சுவடி ஒப்பிக்கும் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்து அவரவர் வேகத்தில் முன்னேறினர். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குக் கற்பித்தான். சென்னை எழும்பூரில் படைவீரர் அநாதைச் சிறுவர் இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்குச் செயல்படுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘சென்னை முறை’ என்னும் பெயரில் பரவியது. எனினும், மனப்பாடமும் தண்டனையும் திண்ணைப் பள்ளியின் குறைகளாக இருந்தன.

1864இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், எளிமையிலிருந்து அருமைக்குச் செல்லும் வகையில் பாலபாட நூல்களைப் படிநிலைப்படுத்தினார். கற்போரின் நிலையறிந்து பாடத்தை அமைக்கும் சிந்தனை இம்மண்ணுக்குப் புதிதன்று என்பதை இது உணர்த்துகிறது.

ஈராசிரியர் பள்ளியும் காத்திருக்கும் குழந்தையும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியர்கள் போதுமானவர்கள். ஆகவே ஐந்து வகுப்புகளை இருவர் பகிர வேண்டும். மூன்று வகுப்புகளுக்குப் பொறுப்பேற்ற ஆசிரியர், 45 நிமிடப் பாடவேளையைச் சமமாகப் பகிர்ந்தால் ஒவ்வொரு வகுப்புக்கும் 15 நிமிடமே கிடைக்கும். எஞ்சிய 30 நிமிடம் குழந்தை என்ன செய்கிறது என்பதே சிற்றூர்ப் பள்ளியின் உண்மையான சிக்கல். கடலூர், சிதம்பரம் சுற்றுவட்டாரங்களிலும் சிறிய பள்ளி எங்கிருப்பினும் இவ்வினா எழும். இங்கு மாணவர் மையக் கற்றல் விருப்பத் தேர்வன்று, கட்டாயத் தேவை.

செயல்வழிக் கற்றல் தந்த பாடம்

ரிஷிவேலி கல்வி மையத்தின் அனுபவத்தைப் பின்பற்றி 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது; 2007–08இல் மாநிலம் முழுவதும் விரிவடைந்தது. ஏணிப்படி, கற்றல் அட்டைகள், குழந்தையின் கைக்கெட்டும் தாழ்நிலைக் கரும்பலகை ஆகியன இதன் கருவிகள். ஆசிரியர் உதவியுடன் கற்கும் குழு முதல் தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு வரை மாணவர் பிரிக்கப்பட்டனர்.

இம்முறையின் வலிமையைக் கணக்குப் பாடத்தில் எளிதாகக் காணலாம். 42இலிருந்து 17ஐக் கழிக்கும் குழந்தை, நான்கு பத்துக் குச்சிக் கட்டுகளில் ஒன்றைத் தானே அவிழ்க்கும்போது ‘கடன் வாங்குதல்’ என்பதன் பொருளை உணர்கிறது. இதனை வாய்மொழி விளக்கத்தால் மட்டும் உணர்த்துதல் அரிது.

மொழிப் பாடத்திலோ நிலை வேறு. பேச்சு வழக்கில் ழகரம் பல இடங்களில் ளகரமாகவே ஒலிக்கிறது. ல, ள, ழ ஒலிப்பு வேறுபாட்டை அட்டை காட்டாது. ஆசிரியரின் நாவசைவைக் கண்டும் ஒலியைக் கேட்டும், திருத்தம் பெற்றுமே குழந்தை அறிய இயலும். ஏணிப்படியில் அட்டையை முடிப்பதே நோக்கமாகி, ஆசிரியர் பதிவேட்டில் மூழ்கினால், மாணவர் மையம் என்பது அட்டை மையமாகச் சுருங்கிவிடும்.

பெருந்தொற்றுக்குப் பிந்தைய முயற்சிகள்

பள்ளி மூடலால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய, 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ கடலூர் உள்ளிட்ட 12 மாவட்டங்களில் முதலில் தொடங்கப்பட்டது. 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் முதல் மூன்று வகுப்பு மாணவரை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைப்படி பிரித்தது. பாடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றை ஆசிரியர் முன்னின்று நடத்த, நிலைக்கேற்ற பயிற்சியைக் குழந்தைகள் செய்கின்றனர். இரு முறைகளும் ஒரே பாடவேளையில் இணைவது இங்குக் கருதத்தக்கது.

முடிவுரை

புதிய ஒலி, புதிய கருத்து ஆகியவற்றை அறிமுகம் செய்வதற்கு ஆசிரியரின் நேரடிக் கற்பித்தல் இன்றியமையாதது. பயிற்சி, கண்டறிதல், தன்வேக முன்னேற்றம் ஆகியவற்றுக்கு மாணவர் மைய முறை பொருந்தும். இரண்டையும் இணைப்பது, குழந்தை எங்கே தடுமாறுகிறது என அறியும் ஆசிரியரின் கணிப்பே. ஆதலின், கற்பித்தல் முறையை மாற்றுவதோடு, ஒவ்வொரு குழந்தையையும் உற்றுநோக்க ஆசிரியருக்குப் போதிய நேரத்தை உறுதிசெய்வதும் கல்வித் திட்டமிடலின் கடமையாகும். அந்நேரம் இல்லாத வகுப்பறையில் எம்முறை வழங்கினும் காத்திருக்கும் குழந்தை காத்தே இருக்கும்.