மலிவான காரை வேகமாக்குவது எது?

மாணவர்களே, உங்களில் பலர் 'கிரான் டூரிஸ்மோ' விளையாடியிருப்பீர்கள். நீங்கள் விளையாடாவிட்டாலும், வீட்டில் அண்ணனோ தம்பியோ விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்த கார் பந்தய வீடியோ கேம் இது. 'கிரான் டூரிஸ்மோ 7' 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிவந்தது.

ஆட்டத்தைத் தொடங்கியதும் ஃபெராரி கிடைத்துவிடாது. பழைய கார் கடைக்குப் போய், மூன்று சிறிய கார்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்: டொயோட்டா அக்குவா, ஹோண்டா ஃபிட், மஸ்டா டெமியோ. இவை ஜப்பானில் வழங்கிய பெயர்கள். நம் நாட்டுச் சாலைகளில் இவற்றைப் பிரியஸ் சி, ஜாஸ், மஸ்டா 2 என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். மூன்றுமே 1.5 லிட்டர் எஞ்சின் கொண்டவை, முன்சக்கரங்களால் இயங்குபவை. பொருண்மை ஏறக்குறைய 1,100 கிலோகிராம். திறன் சுமார் 100 முதல் 140 குதிரைத்திறன் வரை.

ஓரிரு பந்தயங்களில் வென்றதும் கையில் கொஞ்சம் பணம் சேரும். பாகங்கள் விற்கும் கடைக்குப் போகிறீர்கள். எஞ்சின் பாகங்கள், டயர், பிரேக், சஸ்பென்ஷன், எடைக் குறைப்பு என்று வரிசையாக இருக்கின்றன. இருக்கும் பணத்தில் ஒன்றோ இரண்டோதான் வாங்க முடியும். எதை முதலில் வாங்குவீர்கள்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால், பெரும்பாலோர் சட்டென்று சொல்லும் பதில் 'எஞ்சின்'. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியா, தவறா என்பதை நாம் முடிவு செய்ய வேண்டாம். இயற்பியலிடம் கேட்போம்.

எஞ்சினுக்குச் செலவழித்தால்

கார் நேர்ச்சாலையில் விரைகிறது. அதை எதிர்த்து நிற்பது காற்று. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப கூடும். அதாவது வேகம் 2 மடங்கானால் காற்றுத்தடை 4 மடங்காகும். திறன் என்பது விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஆகவே 2 மடங்கு வேகத்தில் போவதற்குத் தேவையான திறன் 4 × 2 = 8 மடங்கு!

இதையே திருப்பிப் பாருங்கள். எஞ்சின் திறனை 2 மடங்காக்கினால் உச்ச வேகம் எவ்வளவு கூடும்? 2இன் கனமூலம் 1.26. மணிக்கு 180 கி.மீ. போன கார் சுமார் 227 கி.மீ. போகும், 360 கி.மீ. போகாது. இருந்த பணம் முழுவதையும் எஞ்சினில் கொட்டியும் உச்ச வேகம் கால் பங்குதான் கூடியது.

முடுக்கம் கூடுமே என்று கேட்கலாம். உண்மைதான். நேர்ச்சாலையில் அது உதவும். ஆனால் தொடக்கநிலைப் பந்தயத் தடங்களில் நேர்ச்சாலையைவிட வளைவுகள்தான் உங்களை அதிகம் சோதிக்கும். வளைவில் என்ன நடக்கிறது?

வளைவில் எஞ்சினுக்கு வேலை இல்லை

ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினால், கயிறு அதை உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிற்றை விட்டால் கல் நேராகப் பறந்துவிடும். வளைவில் திரும்பும் காருக்கும் அப்படி ஓர் உள்நோக்கிய விசை தேவை. காருக்குக் கயிறு இல்லை. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுதான் அதன் கயிறு.

தட்டையான சாலையில் கார் வழுக்காமல் வளையக்கூடிய அதிகபட்ச வேகத்தை எளிதாகக் கணக்கிடலாம். உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுத்தால் போதும்.

50 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். சாதாரண டயரின் உராய்வுக் கெழு 0.8 என்றால், 0.8 × 9.81 × 50 = 392. இதன் வர்க்கமூலம் வினாடிக்கு 19.8 மீட்டர். அதாவது மணிக்கு 71 கி.மீ. நல்ல பந்தய டயரைப் போட்டு கெழுவை 1.2 ஆக உயர்த்தினால், விடை வினாடிக்கு 24.3 மீட்டர். மணிக்கு 87 கி.மீ.

இந்த வளைவு அரைவட்டம் என்றால் அதன் நீளம் 157 மீட்டர். முதல் டயரில் அதைக் கடக்க 7.9 வினாடி, இரண்டாவது டயரில் 6.5 வினாடி. ஒரே வளைவில் ஏறக்குறைய ஒன்றரை வினாடி மிச்சம்!

கணக்கை இன்னொரு முறை பாருங்கள். அதில் குதிரைத்திறன் எங்கே? இல்லவே இல்லை. 100 குதிரைத்திறன் கார் ஆனாலும் 500 குதிரைத்திறன் கார் ஆனாலும், டயர் ஒன்றாக இருந்தால் இந்தக் கணக்குச் சொல்லும் வேகமும் ஒன்றுதான். ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவே இருக்கும். எஞ்சின், பிரேக், ஸ்டியரிங் ஆகிய மூன்றும் செய்யும் வேலை எல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகளின் வழியாகத்தான் சாலையைச் சேர்கிறது.

ஆகவே முதல் செலவு டயருக்கு. இந்த ஆட்டத்தில் கம்ஃபர்ட், ஸ்போர்ட்ஸ், ரேசிங் என மூன்று வகை டயர்களும், ஒவ்வொன்றிலும் கடினம், நடுத்தரம், மென்மை என மூன்று படிகளும் உண்டு. மென்மையான டயர் நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயும். சில பந்தயங்களில் டயர் வகைக்கும் காரின் மொத்தச் செயல்திறன் புள்ளிக்கும் வரம்பு வைத்திருப்பார்கள். வாங்கும் முன் அந்த விதியைப் படித்துவிடுங்கள்.

டயரின் கைச்செலவுப் பணம்

டயரை மாற்றிய பிறகும் சிலருக்கு ஒரு சிக்கல் வரும். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார்கள்; கார் திரும்பாமல் வெளிப்பக்கமாகவே போகிறது. ஏன்?

டயரின் பிடிமானத்தைக் கைச்செலவுப் பணமாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டயரிடம் 10 ரிங்கிட் இருக்கிறது. பிரேக் பிடிக்க, முடுக்க, திரும்ப என எல்லாச் செலவும் அந்த 10 ரிங்கிட்டிலிருந்துதான். ஆனால் இங்கே கணக்கு சாதாரணக் கூட்டல் அல்ல, பித்தாகரஸ் தேற்றம். பிரேக் பிடிக்கும் விசையும் திருப்பும் விசையும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை. பிரேக்குக்கு 6 செலவழித்தால் திரும்புவதற்கு 8 மிஞ்சும். 6இன் வர்க்கமும் 8இன் வர்க்கமும் சேர்ந்தால் 10இன் வர்க்கம். பிரேக்குக்கு 10ஐயும் செலவழித்துவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது.

நம் மூன்று கார்களிலும் எஞ்சின் முன்பக்கம், இயக்குவதும் முன்சக்கரங்களே. ஆக முன்டயர்கள்தான் காரை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு சுமையையும் தாங்குகின்றன. பின்டயர்கள் ஓரளவு சும்மாதான் வருகின்றன. எனவே வளைவுக்குள் நுழையும் முன்பே நேராக இருக்கும்போது பிரேக் பிடித்து முடியுங்கள். நுழைந்த பிறகு பிரேக்கை மெதுவாக விடுங்கள். வளைவு விரிந்து, வெளியேறும் வழி தெரியும்போது மட்டும் முடுக்குங்கள். இதற்குக் காசு செலவே இல்லை.

எடையும் சஸ்பென்ஷனும்

இரண்டாவது செலவு எடைக் குறைப்புக்கும் சஸ்பென்ஷனுக்கும்.

1,100 கிலோகிராம், 100 குதிரைத்திறன் கொண்ட காரில் ஒரு குதிரைத்திறனுக்கு 11 கிலோகிராம். திறனை 10 விழுக்காடு கூட்டினால் அது 10 கிலோகிராம் ஆகும். பொருண்மையை 10 விழுக்காடு குறைத்தால் 9.9 கிலோகிராம். முடுக்கத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் எடைக் குறைப்பு வளைவிலும் உதவும், எஞ்சின் உதவாது.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கேட்பார்: "சார், வளைவுக் கணக்கில் பொருண்மையும் இல்லையே?" நல்ல கேள்வி. பாடநூலில் உராய்வுக் கெழு மாறாத எண். உண்மையான ரப்பர் டயரில் அப்படியல்ல. டயர்மீது சுமை கூடக் கூட, அதன் உராய்வுக் கெழு சற்றுக் குறையும். சுமை 2 மடங்கானால் பிடிமானம் 2 மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடும். அதனால் இலேசான கார் கொஞ்சம் வேகமாக வளையும்.

சஸ்பென்ஷனை ஏன் சீரமைக்கிறோம் என்பதற்கும் இதுவே விடை. நேராகப் போகும்போது முன்டயர்கள் ஒவ்வொன்றும் 330 கிலோகிராம் தாங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். வளைவில் கார் சாய, வெளிப்புற டயருக்கு 450, உட்புற டயருக்கு 210 என ஆகலாம். கூட்டுத்தொகை மாறவில்லை. ஆனால் வெளிப்புற டயர் பெற்ற பிடிமானத்தைவிட உட்புற டயர் இழந்தது அதிகம். முன்பக்கத்தின் மொத்தப் பிடிமானம் குறைந்துவிட்டது.

இதைச் சரிசெய்ய, முன்பக்கச் சஸ்பென்ஷனைச் சற்று மென்மையாகவும் பின்பக்கத்தைச் சற்றுக் கடினமாகவும் வைக்கலாம். அப்போது சாய்வினால் வரும் சுமை மாற்றத்தில் பெரும்பகுதியைப் பின்சக்கரங்கள் ஏற்கும். சும்மா வந்த பின்டயர்களுக்கு வேலை கிடைக்கும். முன்டயர்களின் சுமை ஓரளவு சமமாகும். கார் எளிதாகத் திரும்பும். அளவு மீறினால் பின்பக்கம் வழுக்கிச் சுழலும். ஆகவே ஒவ்வொரு படியாக மாற்றுங்கள்.

கியர் விகிதத்தை மாற்றக்கூடிய பெட்டி வாங்கியிருந்தால், சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏற உதவும் கியர் சமதரையில் வேகம் தராது. தடத்தின் மிக நீளமான நேர்ச்சாலை முடியும் முன்பே கடைசிக் கியரில் எஞ்சின் உச்சச் சுழற்சியைத் தொட்டுவிட்டால், விகிதம் மிகக் குட்டையானது. கடைசிக் கியருக்கே போக முடியவில்லை என்றால் மிக நீளமானது. இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். இவை எல்லாம் முடிந்த பிறகு எஞ்சினுக்கு வாருங்கள். அப்போதுதான் கூடுதல் திறனைத் தாங்கும் பிடிமானம் காரில் இருக்கும்.

மாற்றியது பலித்ததா?

டயர், சஸ்பென்ஷன், கியர் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு, "வேகம் கூடிவிட்டது" என்று சொல்வது அறிவியல் ஆகாது. கூட்டியது எது? ஒன்று உதவி, மற்றொன்று கெடுத்திருந்தால்?

தமிழ்ப்பள்ளியில் படித்த மாறிகளை நினைவுபடுத்துங்கள். நீங்கள் வேண்டுமென்றே மாற்றுவது தற்சார்பு மாறி: எடுத்துக்காட்டாக, பின்பக்கச் சஸ்பென்ஷனின் கடினம். நீங்கள் அளப்பது சார்பு மாறி: ஒரு சுற்றுக்கான நேரம். தடம், வானிலை, டயர் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும். ஒரு மாற்றத்திற்கு முன் 5 சுற்று, பின் 5 சுற்று ஓட்டி, நேரங்களை எழுதிச் சராசரி எடுங்கள்.

இன்னொன்று முக்கியம். எதையும் மாற்றாமலே உங்கள் 5 சுற்றுகளுக்கிடையே 1 வினாடி வேறுபாடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சஸ்பென்ஷனை மாற்றியபின் ஒரே ஒரு சுற்றில் 0.3 வினாடி குறைந்தால் அது எதையும் நிரூபிக்கவில்லை. அது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். முதலில் உங்கள் ஓட்டத்தைச் சீராக்குங்கள். சீராக ஓட்டத் தெரியாதவர் காரைச் சீரமைக்கவும் முடியாது.

திரையிலிருந்து சாலைக்கு

இந்த ஆட்டத்தின் இயற்பியல் உண்மைக்கு மிக நெருக்கமானது. நிசானும் சோனியும் 2008இல் தொடங்கிய 'ஜிடி அகாடமி' போட்டியின் வழியாக, விளையாட்டாளர்கள் சிலர் முறையான பயிற்சி பெற்று உண்மைப் பந்தய ஓட்டுநர்கள் ஆனார்கள். அவர்களில் ஒருவரான ஜான் மார்டன்பரோவின் கதை 2023இல் திரைப்படமாகவும் வந்தது.

ஆனால் ஓர் இடத்தில் ஆட்டம் உண்மையைச் சொல்வதில்லை. சுவரில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் தொடங்கலாம். நம் நாட்டில் 16 வயதில் மோட்டார் சைக்கிளுக்கும் 17 வயதில் காருக்கும் உரிமம் எடுக்கலாம். உங்களில் சிலருக்கு அது அடுத்த ஆண்டே. அதற்குமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

பிரேக் பிடித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப கூடும். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்றால், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர், 120 கி.மீ. வேகத்தில் 81 மீட்டர். மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் அவை 35 மீட்டரும் 142 மீட்டரும் ஆகும். ஆபத்தைக் கண்டு காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் கடக்கும் தூரம் இதில் சேரவில்லை. இந்தக் கணக்கிலும் குதிரைத்திறன் இல்லை. பெரிய எஞ்சின் உங்களை வேகமாகக் கொண்டுபோகும், நிறுத்தித் தராது.

இந்த வாரம் ஒரு சிறு வேலை செய்யுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் வீட்டுக் கார் அல்லது மோட்டார் சைக்கிளின் டயரைப் பாருங்கள். பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். பள்ளத்தின் அடியில் குறுக்காகச் சிறு மேடுகள் தெரியும். டயரின் மேற்பரப்பு தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்திற்கு வந்திருந்தால், மழைநீரை வெளியேற்ற அந்த டயரால் இனி இயலாது. உடனே அப்பாவிடமோ அம்மாவிடமோ சொல்லுங்கள். காரணம் கேட்டால், மேலே உள்ள மழைக்காலக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.