பேச்சிழந்த செயற்கைக்கோள்

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்வதற்காக நெடுந்தொலைவிலிருந்தும் நாடிவரும் ஊர் புத்தூர். அவ்வூருக்கு வடகிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் மாலை, அங்கிருந்து ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டொன்று ஜிசாட்-6ஏ என்னும் செய்தித் தொடர்புச் செயற்கைக்கோளைச் சுமந்து எழுந்தது. ராக்கெட் தன் கடமையைக் குறைவற முடித்தது. ஆயினும் மூன்றாம் நாளே கோள் பேச்சிழந்தது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

நேயர்களே, நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி தன்னைத்தானே சுற்றும் காலத்திலேயே ஒரு சுற்றை முடிக்கும். ஆதலால் அது நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அவ்வட்டப் பாதை வரையில் ராக்கெட் கொண்டுபோவதில்லை. ஒருபுறம் பூமியை நெருங்கியும் மறுபுறம் மிக விலகியும் செல்லும் நீள்வட்டத்தில் கோளை விட்டுவிடுகிறது. பின்னர்க் கருநாடகத்து ஹாசனிலுள்ள கட்டுப்பாட்டு நிலையம் ஆணையிட, கோள் தன் சொந்த எஞ்சினை இயக்கிப் படிப்படியாகப் பாதையை வட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

ஜிசாட்-6ஏ கோளுக்கு இத்தகைய இயக்கங்கள் மூன்று வகுக்கப்பட்டிருந்தன. மார்ச்சு 30-ஆம் நாள் முதலாவதும், 31-ஆம் நாள் இரண்டாவதும் செவ்வனே நடந்தேறின. ஏப்ரல் 1-ஆம் நாள் நடைபெறவேண்டிய மூன்றாவதற்கு முன்பே கோளின் குறிப்பொலிகள் நின்றுபோயின.

புத்தூருக்கு வருபவரின் முறிவை விரலால் தடவி அறியலாம். விண்ணிலுள்ள கோளையோ தொட்டறிய இயலாது. வானொலி அலையொன்றே அதற்கும் நமக்கும் உள்ள உறவு. அவ்வுறவு அறுந்தால், எஞ்சினும் எரிபொருளும் நல்ல நிலையில் இருந்தாலும் ஆணையிட வழியில்லை. கையடக்கக் கருவிகளோடும் பேச உதவுவதற்காக, குடைபோல் மடித்து வைத்த 6 மீட்டர் அலைவாங்கி ஒன்று அக்கோளில் இருந்தது. அது விரியாமலே போயிற்று.

மின்சாரம் வழங்கும் அமைப்பில் பழுது நேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. அவ்வேளையில் ஜிசாட்-11 என்னும் பெருங்கோள், ஏவப்படுவதற்காகத் தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவை அடைந்திருந்தது. அறிஞர்கள் காலதாமதத்தைப் பொருட்படுத்தவில்லை. அதனை இந்தியாவுக்குத் திரும்ப வரவழைத்து மீண்டும் சோதித்தார்கள். 5,854 கிலோகிராம் எடையுள்ள அக்கோள் அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் ஏவப்பட்டுத் தனக்குரிய இடத்தை அடைந்தது.

இழந்த கோளை மீட்க முடியவில்லை. ஆனால் அடுத்ததை அனுப்புமுன் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் பொறுமையை அவ்விழப்பு வற்புறுத்தியது.