கல்லீரலில் சேரும் இரும்பை அளந்தறிவோம்

தலசீமியா உள்ள குழந்தைகளுக்கும், அரிவாளணு நோய், எலும்புமச்சைக் குறைபாடு ஆகியவற்றால் தொடர்ந்து குருதி ஏற்றிக்கொள்ளும் பெரியவர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. பரிசோதனையைப் பரிந்துரைக்கிறோம். அப்போது குடும்பத்தினர் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஃபெரிட்டின் பார்க்கிறோமே, அது போதாதா?” விழுப்புரம், கடலூர், திண்டிவனம் எனப் பல ஊர்களிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தேறி, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருவோர் கேட்கும் நியாயமான கேள்வி இது. அதற்கு விரிவாக விடையளிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரும்பு எங்கிருந்து வருகிறது?

ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் செவ்வணுவிலும் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு அடங்கியுள்ளது. நம் உடலிலிருந்து நாளொன்றுக்கு இயல்பாக வெளியேறும் இரும்போ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. மிகையான இரும்பை வெளியேற்றும் வழி எதுவும் மனித உடலில் இல்லை. மூன்று வாரத்திற்கு ஒருமுறை இரண்டு யூனிட் பெறும் ஒருவரின் உடலில் ஓராண்டில் சுமார் ஏழு கிராம் இரும்பு சேர்கிறது. நலமான ஒருவரின் உடல் முழுவதிலும் இருப்பது மூன்று அல்லது நான்கு கிராம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். பத்து முதல் இருபது முறை குருதி ஏற்றிய பின்னர் இரும்பகற்றும் மருந்தைத் தொடங்குவது இதனால்தான்.

இவ்வாறு சேரும் இரும்பில் எழுபது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பகுதியைக் கல்லீரல் தாங்கிக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் தேங்கும்போது அது கல்லீரலில் தழும்பை உண்டாக்கி, ஈரல் இறுக்கத்தில் கொண்டுபோய் விடும். இதயத்திலும், கணையத்திலும், வளர்ச்சியையும் பருவமடைதலையும் ஆளும் சுரப்பிகளிலும் இரும்பு படிகிறது. இரும்பு மிகுதியால் கல்லீரல் இறுகி, நீரிழிவு தோன்றி, தோலும் கருவெண்கல நிறம் கொள்ளும் நிலையைப் பிரெஞ்சு மருத்துவர் அர்மான் துருசோ 1865ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அன்று நோய் முற்றிய பின்னரே மருத்துவரால் அதைக் காண முடிந்தது. இன்று அறிகுறி எதுவும் தோன்றாத நாளிலேயே அளந்தறிய முடிகிறது. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு: கல்லீரலில் இரும்பு சேரும்போது வலி இராது, பசியும் உறக்கமும் கெடாமலிருக்கலாம்.

ஃபெரிட்டின் ஏன் போதாது?

ஃபெரிட்டின் பயனுள்ள பரிசோதனையே. செலவு குறைவு, அடிக்கடி செய்யலாம், அளவு ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கைக் காட்டும். ஆயினும் அது இரும்பை நேரடியாக அளப்பதில்லை. காய்ச்சல், தொற்று, கல்லீரல் அழற்சி ஆகியவை இருந்தால் இரும்பு கூடாமலேயே ஃபெரிட்டின் உயரும். வேறு சிலரிடம் இதற்கு மாறாக, குறிப்பாக அடிக்கடி குருதி ஏற்றாத வகைத் தலசீமியாவில், ஃபெரிட்டின் குறைவாயிருக்கும்போதே கல்லீரலில் இரும்பு மிகுந்திருக்கும். ஆகவே ஓர் எண்ணைக் கொண்டு மட்டும் மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ நாங்கள் தயங்குகிறோம்.

முன்னர் கல்லீரலில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கை எடுத்து இரும்பை அளந்து வந்தனர். குருதிக்கசிவு நேரும் வாய்ப்பு அதில் உண்டு. கல்லீரல் முழுவதும் இரும்பு ஒரே சீராகப் படிவதில்லையாதலால், எடுத்த துணுக்கு முழு நிலையையும் காட்டாமற் போகலாம். ஆண்டுதோறும் ஒரு குழந்தைக்கு அதைச் செய்வதும் முறையன்று.

எம்.ஆர்.ஐ. எவ்வாறு அளக்கிறது?

எம்.ஆர்.ஐ. கருவி வலிய காந்தம். உடலிலுள்ள நீரிலிருந்து எழும் குறிப்பலைகளைக் கொண்டு அது படம் வரைகிறது. கல்லீரலில் தேங்கிய இரும்பு, அருகிலுள்ள காந்தப்புலத்தைக் குலைத்து அந்த அலைகளை விரைவில் மங்கச் செய்கிறது. இரும்பு எவ்வளவு மிகுதியோ, அவ்வளவு விரைவாகக் கல்லீரல் கருமையடையும். அந்த விரைவைக் கணக்கிட்டு இரும்பின் அளவு பெறப்படுகிறது. பிரான்சின் ரென் நகர ஆய்வாளர்கள் கல்லீரலின் ஒளிர்வை அருகிலுள்ள தசையின் ஒளிர்வோடு ஒப்பிட்டு அளக்கும் முறையை 2004இல் வெளியிட்டனர். மறு ஆண்டில் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உருவான முறைகள் இன்று பரவலாகக் கையாளப்படுகின்றன.

முடிவு, ஒரு கிராம் உலர்ந்த கல்லீரல் திசுவில் எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று குறிக்கப்படும். இரண்டுக்குக் கீழ் இருப்பது இயல்பு. மூன்று முதல் ஏழு வரை இலேசான மிகுதி. ஏழு முதல் பதினைந்து வரை நடுத்தர மிகுதி. பதினைந்துக்கு மேல் கடுமையான மிகுதி. இவ்வெண்ணைக் கொண்டு உடல் முழுவதிலுமுள்ள இரும்பையும் மதிப்பிடலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கல்லீரல் அளவை 10.6ஆல் பெருக்கினால் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் உரிய சேமிப்பு மில்லிகிராமில் கிடைக்கும் எனக் காட்டியது. நாற்பது கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கல்லீரல் அளவு பத்து என்றால், அவர் உடலில் நான்கு கிராமுக்கும் மேல் இரும்பு தேங்கியுள்ளது என்பது பொருள்.

கல்லீரலைப் பார்க்கும் அதே அமர்வில் இதயத்தையும் பார்ப்பது நன்று. இதயத்தில் இரும்பு தாமதமாகப் படிந்து, தாமதமாகவே நீங்கும். ஆதலால் கல்லீரல் தெளிவாயிருக்கும் ஒருவரின் இதயத்தில் பழைய இரும்பு எஞ்சியிருக்கக் கூடும். இதயத்துக்குரிய டி2 ஸ்டார் அளவு இருபது மில்லி நொடிக்குக் குறைந்தால் இரும்பு படிந்துள்ளது என்றும், பத்துக்குக் கீழே சென்றால் உடனடியாகச் சிகிச்சையைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றும் கொள்கிறோம்.

பரிசோதனைக்கு வரும்போது

இதற்கு ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. சில நொடிகள் மூச்சை அடக்கிப் படுத்திருக்க வேண்டும். இது பலமுறை நிகழும். கருவி பெருத்த ஓசை எழுப்பும், காதடைப்பான் தருவார்கள். வீட்டிலேயே பத்து எண்ணும் வரை மூச்சடக்கிப் பழகிய குழந்தைகள் எளிதாகச் செய்துவிடுகின்றனர். மயக்க மருந்தின்றி அசையாமல் படுக்கக் கூடிய வயதில், பெரும்பாலும் எட்டிலிருந்து பத்துக்குள், முதற் பரிசோதனையைச் செய்கிறோம். தாலிச் சங்கிலி, மெட்டி, கொலுசு, தாயத்து, வெள்ளி கோத்த அரைஞாண் ஆகியவற்றைக் கழற்றி வர வேண்டும். உடலில் பேஸ்மேக்கரோ, உலோகத் தகடோ இருப்பின் முன்னரே தெரிவிக்க வேண்டும். பழைய அறிக்கைகளை உடன் கொண்டுவாருங்கள். இயன்றவரை ஒரே கருவியில், ஒரே முறையில் அளந்தால்தான் சென்ற ஆண்டோடு ஒப்பிட இயலும்.

எண் கைக்கு வந்த பின்

அளவு கூடியிருந்தால் எங்கள் முதல் கேள்வி மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்பதே. இதைக் குற்றச்சாட்டாகக் கருத வேண்டா. பதின்ம வயதினர் பலர், “உடம்புக்கு ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை?” என்று சலிப்புறுவது இயல்பு. மருந்தால் வயிறு கெட்டாலோ, வாங்கப் பணமில்லாமற் போனாலோ மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தை மாற்றவும், சமூகப் பணியாளர் வழியே உதவி தேடவும் வழியுண்டு. தலசீமியாவையும் அரிவாளணு நோயையும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்துள்ளது என்பதையும் நினைவிற் கொள்க.

அளவு குறைந்திருந்தாலும் மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டா. அடுத்த குருதியோடு இரும்பும் வரும். டெஃபெரிப்ரோன் உட்கொள்வோர்க்குக் காய்ச்சல் கண்டால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வந்து வெள்ளணு எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். டெஃபெராசிராக்ஸ் உட்கொள்வோர்க்குக் கடும் வாந்தியோ வயிற்றுப்போக்கோ ஏற்பட்டால் உடனே எங்களைத் தொடர்புகொள்ள வேண்டும். “சோகை” என்று கேட்டுப் பிறர் தரும் இரும்புச்சத்து டானிக்கையும், மருத்துவர் கூறாத வைட்டமின் சி மாத்திரையையும் தவிர்த்திடுக.

எலும்புமச்சை மாற்றுச் சிகிச்சையை எதிர்நோக்கியுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு செய்தி. 1986ஆம் ஆண்டு முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தலசீமியாவுக்கு இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. கல்லீரல் பருத்துத் தழும்புற்றிராத, இரும்பு ஒழுங்காக அகற்றப்பட்டு வந்த குழந்தைகளுக்கே அதில் நற்பயன் மிகுதி. கொடையாளர் கிடைக்கும் நாள் எப்போது வரும் என்று நாம் அறியோம். அந்நாள் வரை கல்லீரலைக் காத்து வைத்திருப்பது நம் கையில் உள்ளது. சென்ற பரிசோதனை முடிந்து ஓராண்டு கடந்துவிட்டதா என்பதை உங்கள் குருதியேற்றக் குறிப்பேட்டில் பாருங்கள். கடந்திருப்பின், அடுத்த முறை குருதி ஏற்ற வரும் நாளில் அதைச் செவிலியரிடம் தெரிவியுங்கள்.