புகை கக்கிய சைக்கிள்கள்

சைக்கிளின் பிறேக்கிலிருந்து புகை கிளம்புவதை வாசகர்களில் எவரேனும் கண்டதுண்டா? மோட்டார் வாகனத்தில் அது நிகழக்கூடும். மனிதன் தன் காலால் மிதித்து ஓட்டும் வண்டியிலும் நிகழுமென்றால் நம்புவது கடினமே. ஆயினும், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, பைன் மலை என்னும் மலையின் அடிவாரத்தில் 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அது வழக்கமான காட்சியாக இருந்தது.

பழைய மாதிரிச் சைக்கிள்கள் சிலவற்றிற்குக் கைப்பிறேக் கிடையாது. மிதிகட்டையைப் பின்புறமாக அழுத்தினால், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே இருக்கும் உறுப்புகள் உராய்ந்து சக்கரத்தைப் பிடிக்கும். அக்குடத்துள் கிறீஸ் அடைத்திருப்பார்கள். சமதரையில் இவ்வேற்பாடு போதுமானது. ஏறக்குறைய இரண்டு மைல் தூரத்தில் 1,300 அடி இறங்கும் மலைப்பாதையிலோ, குடம் கொதித்து, கிறீஸ் முழுவதும் உருகிப் புகையாகப் போய்விடும். ஒருமுறை இறங்கியவன் மறுமுறை இறங்குமுன் குடத்தைக் கழற்றிப் புதிதாகக் கிறீஸ் அடைத்தாக வேண்டும். மீண்டும் அடைப்பதை ஆங்கிலத்தில் ‘றீபக்’ என்பர். அதுவே அப்பாதைக்கும் பெயராயிற்று. அங்கு முதலாவது பந்தயம் 1976ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் திகதி நடைபெற்றது. வென்றவர் அலன் பொண்ட் என்பவர். இன்று உலகெங்கும் பரவியிருக்கும் மலைச்சைக்கிள் விளையாட்டின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இந்தப் பாதையிலிருந்தே தொடங்குவார்கள்.

சன் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேற் பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மரின் மாவட்டம். அதன் நடுவே 2,571 அடி உயரத்தில் நிற்பது தமல்பையஸ் மலை. (பெயரைக் கண்டதும் தமிழோடு உறவு தேடப் புறப்பட வேண்டாம். அது அந்நிலத்தின் பழங்குடிகளான மிவொக் மக்களின் மொழியிலிருந்து வந்தது.) மலையடியில் வானளாவிய செம்மரங்கள் நிற்கும் மியூர் வனம் 1908ஆம் ஆண்டு முதல் அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ளது. 1896 முதல் 1930 வரை இம்மலையில் ஒரு புகையிரதம் ஓடியது. எட்டு மைல் பாதையில் 281 வளைவுகள்! புகைவண்டி செங்குத்தாக ஏறமாட்டாதாகையால், பாதையை வளைத்து வளைத்து இட்டு, சரிவு நூற்றுக்கு ஏழை மிஞ்சாதபடி பார்த்துக்கொண்டார்கள். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு நெடுங்காலமாயினும் பாதை மட்டும் எஞ்சியிருக்கிறது. காட்டுத்தீ அணைக்கும் வண்டிகளுக்கென வெட்டிய அகன்ற மண்வீதிகளும், கால்நடையாகச் செல்வோருக்கான ஒற்றையடிப் பாதைகளும் மலையெங்கும் உண்டு. ஓட விரும்பியவனுக்கு மைதானம் ஆயத்தமாகவே இருந்தது.

ஓட விரும்பியவர்களுட் பலர் தார்வீதிப் பந்தயங்களில் ஓடிப் பழகிய வாலிபர்கள். மெல்லிய ரயர் பூட்டிய பந்தயச் சைக்கிள் கல்லிலும் வேரிலும் நெளிந்துபோகும். ஆகவே 1930ஆம், 1940ஆம் ஆண்டுகளிற் சிறுவர்களுக்கென ஷ்வின் போன்ற கம்பனிகள் செய்த, தடித்த ரயர் பூட்டிய பழைய வண்டிகளை மலிவாகத் தேடிப் பிடித்தார்கள். சிலவற்றின் நிறை ஏறக்குறைய அரை அந்தர்! மலையேறும்போது தள்ளிக்கொண்டு போவதே பெரும்பாடு. நாளடைவிற் கரி பிஷர் முதலியோர் அவற்றுக்குப் பற்சக்கர மாற்றிகளையும் நல்ல பிறேக்குகளையும் பூட்டினர். சார்லி கெலி பந்தயங்களை ஒழுங்கு செய்தார். ஜோ பிறீஸ் என்பவர், பழையதைத் திருத்தி என்ன பயன் என்று எண்ணி, மலைக்கென்றே ஒரு புதுச் சைக்கிளை 1977ஆம் ஆண்டிற் கட்டினார். அது இப்பொழுது வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் நூதனசாலையைச் சேர்ந்த பொருள். 1981ஆம் ஆண்டில் இவ்வகை வண்டிகள் தொழிற்சாலையிற் பெருந்தொகையாக உற்பத்தியாகத் தொடங்கின. 1996ஆம் ஆண்டு அட்லான்டா ஒலிம்பிக்கில் விளையாட்டுக்கு இடமும் கிடைத்துவிட்டது.

இருபது ஆண்டுகளிற் பழைய இரும்பிலிருந்து ஒலிம்பிக் வரை. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் பிறந்த வீட்டிலே இவ்விளையாட்டுக்கு நேர்ந்தது வேறு.

தமல்பையஸ் மலையின் பெரும்பகுதி குடிநீருக்கான நீரேந்து நிலம். மலையில் விழும் மழையே மரின் மாவட்டத்து நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. அங்கே அறுந்து போகும் மண் ஓடைகள் வழியே அத்தேக்கங்களுக்கே போய்ச் சேரும். மேலும், மலையில் அமைதியை நாடி நடந்தவர்களும் குதிரை ஏறி வந்தவர்களும், வளைவிலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் சைக்கிள்களைக் கண்டு அஞ்சினார்கள். அஞ்சியதிற் தவறுமில்லை. 1980ஆம் ஆண்டுகளில் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டன. அகன்ற மண்வீதிகளில் மணிக்கு 15 மைல் என வேகம் வரையறுக்கப்பட்டது. வனக்காவலர் ரேடார் கருவியோடு மரத்தடியிற் காத்திருந்து வேகம் அளந்ததும் உண்டு. காட்டுக்குள்ளே சைக்கிளுக்குப் பொலிஸ்! ஓட்டுநருக்கு அது வேடிக்கையாக இருக்கவில்லை. 1988ஆம் ஆண்டிற் கலிபோர்னியாச் சைக்கிள் கழகங்கள் சில ஒன்றுகூடிச் சர்வதேச மலைச்சைக்கிள் சங்கத்தை அமைத்தன. பாதைகளை மூடாதீர் என்று கேட்பது மட்டும் அதன் வேலையாகவில்லை. மண் அறுந்து போகாத பாதையை எப்படி வெட்டுவது என்பதையும் அது கற்பிக்கலாயிற்று. நம்மை வியக்க வைப்பது இந்த இரண்டாவது வேலையே.

மலைப்பாதையின் பகை சைக்கிளன்று, தண்ணீர். மேலிருந்து கீழே நேராக இறங்கும் பாதை ஓட்டுநனுக்கு மகிழ்ச்சி தரும். மழைநீருக்கு அதைவிட மகிழ்ச்சி தரும். ஒருவன் அச்சத்தால் பிறேக்கை இறுக்கப் பிடிக்க, பின்சக்கரம் சுழலாமல் இழுபட்டு மண்ணிற் கோடு கிழிக்கிறது. அடுத்த மழை அக்கோட்டிலே ஓடி அதை வாய்க்காலாக்குகிறது. அதன்பின் வருவோர் வாய்க்காலை விலக்கிப் பக்கத்துப் புல்லில் ஓட்ட, ஒரு பாதை மூன்றாகிறது.

இதற்கு அவர்கள் கண்ட பரிகாரம் எளிய கணக்கு. பாதையின் சரிவு, அது குறுக்கறுத்துச் செல்லும் மலைச்சரிவிற் பாதியை மிஞ்சலாகாது. மலை நூறடிக்கு நாற்பதடி இறங்குமாயின் பாதை இருபதடிக்கு மேல் இறங்கக்கூடாது. முழுப் பாதைக்கும் சராசரி எடுத்தால் நூற்றுக்குப் பத்தளவில் நிற்பதே நலம். பாதியை மிஞ்சினால், தண்ணீர் பாதையைக் குறுக்கே கடந்து போகாமல் பாதையையே தன் வழியாக்கிக்கொள்ளும். பாதையின் வெளிவிளிம்பை உள்விளிம்பிலும் சிறிது தாழ்த்துவார்கள். இறங்கிக்கொண்டே போகும் பாதையை இடைக்கிடை சில அடி தூரம் ஏறவிடுவார்கள். ஓடி வரும் நீர் அந்த ஏற்றத்தில் முட்டி, வெளியே வழிந்துவிடும். ஓட்டுநனோ அதை விளையாட்டின் ஒரு பகுதியென்றே எண்ணி மகிழ்வான்! நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிற் கான் வெட்டும் தொழிலாளிக்கு இவற்றையெல்லாம் எவரும் விளக்க வேண்டியதில்லை. சரிவிலே தண்ணீரை மெதுவாக நடத்திச் செல்லும் வித்தை அவர் கைக்குத் தெரியும்.

பாதைக்கான தளத்தை மலையின் உடம்புக்குள்ளேயே முழுமையாக வெட்டியெடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை வெளிப்புறத்திற் கொட்டி அதன்மேற் பாதை போட்டால் ஒரு மாரிக்குக்கூட நில்லாது. வளைவுக்கு முன்னரே பாதையைச் சற்று ஒடுக்கியோ, சிறு ஏற்றம் வைத்தோ வேகத்தைக் குறைத்துவிட்டால், வளைவில் எவனும் பிறேக்கை இறுக்கமாட்டான், மண்ணும் கிழிபடாது. இத்தனைக்கும் பெரிய இயந்திரங்கள் எப்போதும் வேண்டியதில்லை. ஒருபுறம் கோடரியும் மறுபுறம் மண் கொத்தும் வாயுமாக உள்ள ‘புலாஸ்கி’ என்னும் கருவி பெரிதும் பயன்படுகிறது. அது 1910ஆம் ஆண்டுப் பெருங்காட்டுத்தீயில் தம் ஆட்கள் பலரைச் சுரங்கத்துள் ஒதுக்கிக் காப்பாற்றிய எட்வேர்ட் புலாஸ்கி என்ற வனக்காவலரின் பெயரைத் தாங்கியது. வார இறுதிகளில் இக்கருவிகளைத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுக்குட் போவோர் பெரும்பாலும் சம்பளம் பெறாத தொண்டர்கள்.

சைக்கிளே மண்ணைக் கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மொன்டானா மாநிலத்து மலைப்பாதைகளில் நடத்திய சோதனையொன்றின் முடிவு 1994ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி, ஈரமான பாதையில் மண்ணை அதிகம் கிளறுவது குதிரையின் குளம்பே. சைக்கிள் ஓட்டுநர் இதனை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவர். ஆனால், வளைவிலே எதிர்ப்பட்ட முதியவருக்கு இந்த விடை போதுமா? மண்ணைப் பற்றிய வழக்கு வேறு, வேகத்தைப் பற்றிய வழக்கு வேறு. முதலாவதில் ஓட்டுநர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் அவர்கள் இன்னும் பதில் சொல்ல வேண்டியவர்களாகவே இருக்கிறார்கள் என்பது நமது எண்ணம். ஒற்றையடிப் பாதைகள் எவருக்கு என்ற வாக்குவாதம் மரினில் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

பைன் மலையின் றீபக் பாதை ஒற்றையடிப் பாதையன்று, தீயணைப்பு வீதி. ஆகவே சைக்கிளில் எவரும் இறங்கலாம். மலையடியிலுள்ள பெயார்பக்ஸ் ஊரில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சைக்கிள் நூதனசாலையில், அக்காலத்துத் தடித்த ரயர் வண்டிகளையும் பார்க்கலாம். அப்பாதையிற் கரி பிஷர் நாட்டிய சாதனை 4 நிமிடம் 22 செக்கன். சராசரி வேகம் மணிக்கு 25 மைலுக்கு மேல் என்று கணக்கிடலாம். இன்று அங்கே விதிக்கப்பட்டுள்ள வேகம் 15 மைல். சட்டத்துக்கு அடங்கிய ஓட்டுநர், எத்துணை வல்லவராயினும், கீழே வந்து சேர எட்டு நிமிடம் பிடிக்கும். அவ்வேகத்திற் கிறீஸ் உருகாது.