உஷார்! பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்

வீட்டில் ஒன்று, இரண்டு வயதில் பிள்ளை இருக்கிறதா? இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் பிள்ளையை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, மடியில் படுக்கவைத்து, மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பற்கள் ஈறைத் தொடுகிற இடத்தில் சுண்ணாம்பால் கோடு இழுத்த மாதிரி வெள்ளையாகத் தெரிகிறதா? பால் ஒட்டியிருக்கிறது என்று துணியால் துடைத்தும் போகவில்லையா? சொத்தை அப்படித்தான் ஆரம்பிக்கும்.

போன பொங்கலுக்கு அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரனுக்கு ஒன்றே முக்கால் வயது. என்னைப் பார்த்துச் சிரித்தான். கீழ்ப் பற்கள் முல்லை மொட்டு மாதிரி இருந்தன. மேலே நான்கும் பழுப்பு. அதில் ஒன்றின் ஓரம் உதிர்ந்தே போயிருந்தது.

"அது இரும்புச்சத்து சிரப் கறை சித்தி. அப்படியே சொத்தைன்னாலும் என்ன, விழுந்து முளைக்கிற பல்லுதானே?" என்றாள்.

சிரப்பால் கறை படிவது உண்டுதான். ஆனால் கறை பல்லை உதிர்க்காது. இரவு ஒன்பது மணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நாட்டுச் சர்க்கரை போட்ட பால் பாட்டிலைக் கவ்வியபடியே பிள்ளை தூங்கிப்போனான். பாட்டிலில் பாதி, வாயில் ஒரு மடக்கு.

தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். வாயில் தேங்கிய சர்க்கரையைக் கழுவிவிட ஆளில்லை. கிருமிகள் அதைத் தின்று அமிலமாக்கும். அமிலம் எனாமலை அரிக்கும். பால் பல்லின் எனாமல் பெரியவர்கள் பல்லில் இருப்பதைவிட மெல்லியது. அதனால் மாதக்கணக்கிலேயே குழி விழுந்துவிடும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும், மேலே இருப்பவை மாட்டிக்கொள்ளும். கீழே வெள்ளை, மேலே கறுப்பு என்று கண்டாலே பல் டாக்டர் கேட்கும் கேள்வி, "ராத்திரி பாட்டில் பழக்கம் உண்டா?"

"வெள்ளைச் சர்க்கரை போடுறதே இல்லையே" என்பவர்களுக்கு: கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம் எல்லாமே கிருமிக்கு விருந்துதான். நிப்பிளில் தேன் தடவுவதோ இன்னும் மோசம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கிலேயே படக் கூடாது. பல்லை விடுங்கள், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, விழுந்து முளைக்கிற பல்தானே? முன்பல்தான் ஆறேழு வயதில் விழும். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 10, 12 வயது வரை நின்றாக வேண்டும். முன்னதாகப் போனால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதுப் பல் கோணலாகத்தான் வரும். அப்புறம் கிளிப் போட அலைய வேண்டியதுதான். வேரில் சீழ் கட்டினால், உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் கெடலாம். இன்னொன்று: ஆறு வயது வாக்கில், எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். பால் பல் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஆயுளுக்கும் இருக்க வேண்டிய பல்!

யாழ்ப்பாணத்தில் முதல் பல் முளைத்ததும் பல்லுக் கொழுக்கட்டை அவித்துக் கொண்டாடுவார்கள். நாம் கொழுக்கட்டை அவிக்காவிட்டாலும் அன்றைக்கே பிரஷ் வாங்கிவிட வேண்டும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, அதற்கப்புறம் பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் நீளத்துக்குப் பிதுக்காதீர்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம் உள்ள ஊர்க்காரர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு பேஸ்ட் வாங்குங்கள். காலையைவிட இரவில் தேய்ப்பதுதான் முக்கியம். நம் வீடுகளில் விட்டுப்போவதும் அதுதான். ஏழெட்டு வயது வரை பெரியவர்களே தேய்த்துவிட வேண்டும். ஷூ லேஸ் கட்டத் தெரியாத கைக்குக் கடைவாய் எட்டாது. நீங்கள் வாயில் வைத்துச் சூடு பார்த்த ஸ்பூனால் ஊட்டாதீர்கள், உங்கள் சொத்தையில் இருக்கும் கிருமி அதிலேயே இடம் மாறும்.

ஒரு வயது தாண்டிய பிள்ளை பாட்டில் இல்லாமல் தூங்க மாட்டேன் என்றால், அதில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி அழும்தான். அழட்டும்.

வெள்ளைக் கோடாக இருக்கும்போதே போனால், ஃப்ளோரைடு பூச்சோடு நின்றுபோக வாய்ப்பு உண்டு. முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

பேரனுக்கு மேல் முன்பல் இரண்டை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் புதுப் பல் முளைக்க இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகும்.