மென்பவளம் வாங்குமுன்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைக்கத் தொடங்குகிறவருக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது மென்பவளத்தைத்தான். கல்பவளத்தைப் போல இது சுண்ணாம்புக்கூடு கட்டுவதில்லை. நீரின் கால்சியமும் காரத்தன்மையும் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் தாங்கும், வெட்டி ஒட்டினால் வளரும். இதெல்லாம் உண்மை. ஆனால் கூடவே ஒன்றைச் சொல்வார்கள்: "சாஃப்ட் கோரல்தானே சார், கேஸ் கீஸ் எதுவும் வராது." அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் 2001-ஆம் ஆண்டு பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கல்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல்விசிறி ஆகியவை அதில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. மீறினால் மூன்று முதல் ஏழாண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இந்தப் பட்டியலின் கடைசி இரண்டும் தொட்டியில் பார்ப்பதற்கு மென்பவளம் போலவே இருக்கும் என்பதுதான் சிக்கல். ஆர்கன் பைப்பின் எட்டிதழ்ப் பூக்கள் விரிந்திருக்கும்போது யாருக்கும் சந்தேகம் வராது. பூக்கள் சுருங்கியதும் அடியைப் பாருங்கள். செங்கல் நிறத்தில் மெல்லிய கல்குழாய்கள் வரிசையாக நின்றால் அது ஆர்கன் பைப். வாங்காதீர்கள்.

'லைவ் ராக்' விஷயமும் இதேதான். கடலிலிருந்து உடைத்தெடுத்த அந்தக் கல்லில் பெரும்பகுதி பழைய பவளத்தின் கூடு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பூங்கா எல்லைக்குள் எதையும் பெயர்த்தெடுப்பது குற்றம், அது அட்டவணையில் இல்லாத மென்பவளமாக இருந்தாலும் சரி. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்து வந்த அந்தப் பகுதியில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்து நின்ற பாறை போனால் தீவும் போகும். தொட்டிக்கு வேண்டிய கல், செயற்கையாகச் செய்த செராமிக் கல்லாகவே கிடைக்கிறது. சில மாதங்களில் பாக்டீரியா அதில் குடியேறிவிடும்.

அதனால் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. இந்தத் துண்டு எங்கே வளர்ந்தது, தாய்ப்பவளம் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். தொட்டியில் வளர்த்த துண்டு, செராமிக் பிளக் என்ற சிறு அடிக்கட்டையின் மேல் தானாகப் படர்ந்து விளிம்பைப் பிடித்திருக்கும். உடைத்த பாறைச் சில்லோடு, பசை புதிதாகத் தெரியும்படி பிளக்கில் ஒட்டியிருந்தால் யோசியுங்கள். பவளத்தின் பெயரும் வந்த இடமும் எழுதிய பில் வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எழுதவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பார்சலில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

முதல் பவளமாக டிஸ்கோசோமா காளான் பவளத்தையோ சார்கோஃபைட்டான் என்ற தோல்பவளத்தையோ சொல்வேன். தோல்பவளம் திடீரென்று பூக்களை உள்ளிழுத்துக்கொண்டு, மேலே மெழுகு போன்ற படலம் பூத்து, சில நாள் அப்படியே நிற்கும். செத்துவிட்டதென்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். அது சட்டை உரிக்கிறது. நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் படலம் கழன்று போய் மறுபடி பூக்கும்.

வெளிச்சத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. பவளத்தின் திசுவுக்குள் இருக்கும் நுண்பாசிதான் ஒளியை உணவாக்கித் தருகிறது. அதற்கு எவ்வளவு ஒளி போய்ச் சேருகிறது என்பதைச் சொல்லும் அளவு பி.ஏ.ஆர். விளக்கின் வாட் கணக்கு அதைச் சொல்லாது. காளானுக்கு 50 முதல் 100 போதும், தோல்பவளத்துக்கு 100-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. நீல ஒளி மிகுந்த, கூட்டிக் குறைக்க வசதியுள்ள எல்.இ.டி. விளக்கு வாங்கி, டைமர் போட்டு, நாளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் எரிய விடுங்கள். புதுப் பவளத்தை முதலில் மணல்தரையில் வையுங்கள். ஒளியை மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். நிறம் வெளுத்துச் சுருங்கினால் ஒளி அதிகம், காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்த்தால் போதவில்லை. நம் ஊர்க் கோடையில் ஒளியைவிடச் சூடு மோசமானது. தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும், 30-ஐத் தாண்டி நின்றால் நுண்பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கு வழியில்லாவிட்டால் கோடை கழியும்வரை பவளம் வாங்காமல் இருங்கள். உப்புநீர் பக்கத்தில் இத்தனை மின்சாதனம் ஓடுவதால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு வயரும் சுவர்ப் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும், வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இனி, பலரும் சொல்லாமல் விடும் ஆபத்து. 'சோவா' என்று விற்கும் வண்ணப் பொத்தான் பவளங்களும் தொடக்கக்காரர்களுக்கென்றே பரிந்துரைக்கப்படுகின்றன. இவற்றில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா இனத்தில், பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. 2018-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது கிளம்பிய நஞ்சால் வீட்டாரும், உதவிக்குப் போன தீயணைப்பு வீரர்களுமாகப் பத்துப் பேர் மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. இந்தப் பவளம் ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். நஞ்சு ஆவியோடும் சாரலோடும் மூச்சில் ஏறும். வெட்டுவதானால் கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே வெட்டுங்கள். சின்னக் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் இந்த வகையே வேண்டாம். வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், தசைவலி வந்தால் எல்லோரும் உடனே வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். மாற்றுமருந்து கிடையாது, அறிகுறிக்கு ஏற்பத்தான் சிகிச்சை. பவளத்தைக் கையாண்டதையும் 'பாலிடாக்சின்' என்ற பெயரையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரண வைரஸ் காய்ச்சலென்று அனுப்பிவிடக்கூடும்.

தொட்டியைக் கலைக்கும் நாள் வந்தால் பவளத்தை இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். பாவம் பிழைத்துப் போகட்டும் என்று கடலில் விடுவது பெருந்தீங்கு. தொட்டி வியாபாரம் வழியாக வெனிசுவேலாவுக்குப் போன யூனோமியா என்ற மென்பவளம், மொச்சிமா தேசியப் பூங்காவின் கடல்தரையில் பரவி அங்கிருந்த பவளங்களை மூடிவிட்டது. அதை இன்னும் அகற்ற முடியவில்லை.